பெட்டியில் போடாத எண்

2023 சித்திரையில் ஒரு நாள், புனலூரில் இருக்கும் அக்கா மகன் மூன்று விலைச் சீட்டுகளைப் படம் பிடித்து போனில் அனுப்பினான். மூன்றும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. மூன்றிலும் 12 ஜிபி மெமரி. ஒன்று 26,500 ரூபாய், அடுத்தது 28,000, கடைசி 33,000. கூடவே ஒரு குரல் பதிவு.

"மாமா, மூணுலயும் ஒரே சிப்புதானே? ஓவர்கிளாக் நான் பண்ணிக்கிடுவேன். அப்புறம் எதுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு கூடக் கொடுக்கணும்? சின்னதையே எடுத்துரட்டுமா?"

"எடுத்துராத மருமவனே, ரெண்டு நாள் பொறு" என்று பதில் போட்டேன்.

அவன் கேட்டதில் பாதி சரி. சிப் ஒன்றுதான். ஓவர்கிளாக், அதாவது வைத்த வேகத்தை விட மேலே ஏற்றிச் சிப்பை ஓட்டுவது, தெரிந்தவனுக்குக் கம்பெனி ஏற்றிக் கொடுக்கும் வேகத்துக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை, அதுவும் சரி. ஆனால் சிப்தான் என்விடியாவுடையது, அதைக் கார்டாக்கி விற்பது வேறு வேறு கம்பெனிகள். சிப்பைச் சுற்றி இருப்பது ஒன்றல்ல. அதில் முக்கியமான ஓர் எண்ணை எந்தக் கம்பெனியும் பெட்டியில் அச்சடிப்பதில்லை. அதைத் தெரியாமல் வாங்கி நான் இரண்டு கோடை கஷ்டப்பட்டிருக்கிறேன். அவனும் அதே வழியில் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். வீடு செங்கோட்டைக்கும் பிரானூருக்கும் நடுவில், மரவாடிகளுக்குப் பின்பக்கம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது. அதனால் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் சாதாரணம். என் அக்காவைப் புனலூரில் கொடுத்ததும் அப்படித்தான். எனக்கு வரும் வேலையும் பாதி தென்காசி மண்டபங்களில், பாதி ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கத்தில். பகலெல்லாம் எடிட்டிங், ராத்திரியில் ரெண்டரிங் (எடிட் செய்ததைக் கடைசி வீடியோவாக மாற்றுவது), வேலை இல்லாத ராத்திரிகளில் கேம். ஆக என் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு ஓய்ந்து கிடக்கும் நேரம் குறைவு.

2017இல் முதன்முதலாக நல்ல கார்டு ஒன்று வாங்கினேன். ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று ஒற்றை ஃபேன் வைத்த குட்டைக் கார்டு. பெட்டியில் பெரிதாக 'ஓசி' (ஓவர்கிளாக் என்பதன் சுருக்கம்) என்று போட்டு, வேகம், அதாவது பூஸ்ட் கிளாக், 1759 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. இன்னொன்று இரண்டு ஃபேன் வைத்தது. 'ஓசி' இல்லை, பூஸ்ட் 1708தான். விலையோ 1,800 ரூபாய் கூட. வேகமும் கூட, விலையும் குறைவு என்று குட்டையை எடுத்துக்கொண்டேன். என்னோடு வந்த தென்காசி நண்பர் இரண்டு ஃபேன் கார்டை எடுத்தார்.

அடுத்த சித்திரையில் இரண்டு பேரும் ஓவர்கிளாக் செய்து பார்த்தோம். அவருடையது 2050 மெகாஹெர்ட்ஸில் மணிக்கணக்கில் நின்றது. என்னுடையது முதல் ஐந்து நிமிஷம் 1900ஐத் தாண்டியது. அப்புறம் சூடு 83 டிகிரியைத் தொட்டதும் இறங்க ஆரம்பித்து, 1700க்கும் கீழே வந்து நின்றது. மென்பொருளில் இருக்கும் பவர் ஸ்லைடரை மேலே தள்ளலாம் என்று பார்த்தால், அது 100 சதவீதத்துக்கு மேல் நகரவே இல்லை. மென்பொருளில் ஏதோ கோளாறு என்று நினைத்து மூன்று முறை அழித்து மறுபடி போட்டேன். கோளாறு எதுவும் இல்லை. கார்டின் பயாஸிலேயே, அதாவது கம்பெனி கார்டுக்குள் எழுதி வைத்த மென்பொருளிலேயே, கூரை அவ்வளவுதான் என்று எழுதியிருந்தது.

அந்தக் கூரைதான் நான் சொல்லும் எண். பவர் லிமிட், அதாவது கார்டு அதிகபட்சம் எத்தனை வாட் இழுக்கலாம் என்ற வரம்பு.

ஏன் அது இவ்வளவு முக்கியம் என்று புரிய, இன்றைய கார்டு எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். என்விடியா 2012இல் ஜிடிஎக்ஸ் 680இல் ஜிபியு பூஸ்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு கார்டுக்கு ஒரு வேகம் குறித்திருப்பார்கள், வேலை வந்தால் அந்த வேகத்தில் ஓடும். பூஸ்ட் வந்த பிறகு கார்டே தன் வேகத்தை நொடிக்கு நொடி முடிவு செய்கிறது. எவ்வளவு கரண்ட் இழுக்கிறோம், எவ்வளவு சூடு, எவ்வளவு வோல்டேஜ் என்று மூன்றையும் பார்க்கும். மூன்றிலும் இடம் இருந்தால் ஏறும், ஒன்றில் முட்டினாலும் நின்றுவிடும். அதனால் பெட்டியில் இருக்கும் பூஸ்ட் எண் கார்டு ஓடப்போகும் வேகமே அல்ல. ஆர்டிஎக்ஸ் 3060க்கு என்விடியா சொல்வது 1777 மெகாஹெர்ட்ஸ். நல்ல காற்றோட்டத்தில் அதே கார்டு கை வைக்காமலே 1900 பக்கம் ஓடும். 'ஓசி' போட்ட பெட்டியில் 1807 என்று இருந்தால், அந்த வித்தியாசம் 30 மெகாஹெர்ட்ஸ். கார்டு ஏறி இறங்குவது 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில். ஆக நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இரண்டு படி. அதை வீட்டில் உட்கார்ந்து அரை நிமிஷத்தில் நீங்களே ஏற்றிவிடலாம்.

பவர் லிமிட்டை அப்படி ஏற்ற முடியாது. பயாஸில் இருக்கும் உச்சத்தைத் தாண்டி ஸ்லைடர் போகாது. ஒரு காலத்தில் பயாஸைத் திருத்தி எழுதும் வழி இருந்தது. பாஸ்கல் தலைமுறை, அதாவது 1060 வந்த 2016லிருந்து, என்விடியா கையொப்பமிட்ட பயாஸைத் தவிர வேறு எதையும் கார்டு ஏற்பதில்லை. அதே சிப் இருக்கும் வேறொரு கார்டின் பயாஸை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். வாரண்டியும் போய், கார்டும் போகும் ஆபத்து அதில் உண்டு. தொழில் நடத்தும் மெஷினில் நான் அதைச் செய்ய மாட்டேன், யாருக்கும் செய்யச் சொல்லவும் மாட்டேன்.

அக்கா மகனுக்கு இதை ஒரு கணக்குப் போட்டுச் சொன்னேன். சிப் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய கிளாக்கோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். 1860 மெகாஹெர்ட்ஸ் 0.95 வோல்ட்டில் ஓடும் சிப்பை 1980க்குக் கொண்டுபோக 1.05 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடியது 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். வோல்டேஜின் வர்க்கம் கூடியது 22 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் மின்சாரம் 30 சதவீதம் கூட. ஓவர்கிளாக் என்று நாம் தேடிப் போவது எப்போதும் இந்தக் கடைசி நூறு மெகாஹெர்ட்ஸைத்தான். அங்கேதான் விலை இப்படி எகிறுகிறது. 170 வாட்டில் பூட்டிய கார்டில் அந்த நூறை எங்கிருந்து எடுப்பது?

"அப்படின்னா மூணு கார்டுலயும் கூரை எவ்வளவுன்னு முதல்ல பாக்கணும்" என்றான். அவ்வளவுதான், பாதி வேலை முடிந்துவிட்டது.

பார்ப்பது கஷ்டமில்லை. டெக்பவர்அப் தளத்தில் பல கார்டுகளின் பயாஸ் கோப்புகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான பவர் எவ்வளவு, உச்சம் எவ்வளவு என்று இருக்கும். கார்டு கைக்கு வந்துவிட்டால் ஜிபியு-இசட் மென்பொருளே காட்டும். என்விடியா டிரைவரோடு (கார்டை இயக்கும் மென்பொருள்) வரும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையிலும் பார்க்கலாம். ஒரே பெயரில் இரண்டு மூன்று பயாஸ் பதிப்புகள் இருப்பதும் உண்டு, எனவே கார்டின் பெயரோடு ரிவிஷன் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பார்த்தோம். 26,500 ரூபாய் கார்டு: வழக்கம் 170 வாட், உச்சமும் 170. என் பழைய குட்டைக் கார்டின் கதைதான். 28,000 ரூபாய் கார்டு: வழக்கம் 170, உச்சம் 190. 33,000 ரூபாய் கார்டு: வழக்கம் 185, உச்சம் 200. முதலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 1,500 ரூபாய்க்கு 20 வாட் கிடைக்கிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே 5,000 ரூபாய்க்கு 10 வாட்டும், மூன்றாவது ஃபேனும், வண்ண விளக்குகளும்.

இதில் பலர் ஏமாறும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்டில் பவர் கேபிள் செருகும் இடங்களை எண்ணிப் பார்த்து, இரண்டு இருந்தால் ஓவர்கிளாக்குக்கு நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும். 6 பின் கேபிள் 75, 8 பின் கேபிள் 150. ஆக ஒரே ஒரு 8 பின் இருந்தாலே 225 வாட் வரை வழி இருக்கிறது. உச்சம் 190 என்று பயாஸில் இருக்கும்போது இரண்டாவது கேபிளால் ஒன்றும் கூடாது. குழாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வால்வு திறக்கும் அளவுதான் தண்ணீர் வரும்.

சரி, 'ஒரே சிப்புதானே' என்ற அவன் வாதத்துக்கு வருகிறேன். 3060ஐப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. எப்போதும் அப்படி இருந்ததில்லை. ஜிடிஎக்ஸ் 1060இல் 6 ஜிபி கார்டுக்கு 1280 கோர் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 3 ஜிபி கார்டுக்கு 1152. பெயர் ஒன்று, கோர் எண்ணிக்கை வேறு. ஜிடி 1030இல் ஜிடிடிஆர்5 மெமரி வைத்தது முதலில் வந்தது. 2018இல் அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 வைத்த ஒன்றும் வந்தது. மெமரி அலைவரிசை, அதாவது மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே தகவல் போகும் வேகம், நொடிக்கு 48 ஜிபியிலிருந்து 17க்கும் கீழே விழுந்தது. நம் 3060க்கே 2022 கடைசியில் 8 ஜிபி வகை ஒன்று வந்தது. மெமரி பஸ், அதாவது அந்தத் தகவல் போகும் பாதையின் அகலம், 192 பிட்டிலிருந்து 128ஆகிவிட்டது, அலைவரிசை 360இலிருந்து 240. மெமரி மூன்றில் ஒரு பங்குதானே குறைகிறது, கேமுக்கு 8 போதும் என்று நினைத்து அதை வாங்குபவர், அலைவரிசையிலும் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார். எந்த ஓவர்கிளாக்கும் அதை ஈடு செய்யாது. இப்படிப்பட்ட கார்டுகளை ஒரே பெயரில் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்குகிறவர் பெட்டியின் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இவை எல்லாவற்றையும் விட ஓவர்கிளாக் செய்பவர்களைக் குழப்பியது ஆர்டிஎக்ஸ் 20 வரிசை. 2018 செப்டம்பரில் 2080ம் 2080 டிஐயும் வந்தபோது, ஒரே பெயருள்ள கார்டுக்கு என்விடியா இரண்டு தரச் சிப்புகளை விற்றது. சிப்பின் முதுகில் இருக்கும் குறியீட்டில் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் அதைக் கார்டு கம்பெனிகள் தாங்களே வேகம் ஏற்றி விற்கலாம். 'ஏ' இல்லாவிட்டால் என்விடியா சொன்ன வேகத்தில்தான் விற்க வேண்டும். 'ஏ' இல்லாத கார்டுகளுக்குப் பவர் லிமிட்டும் பொதுவாகக் குறைவு. ஒன்றின் பயாஸை இன்னொன்றில் ஏற்றவும் அப்போது முடியவில்லை. சூட்டை வெளியேற்ற மேலே வைத்திருக்கும் ஹீட்சிங்கைக் கழற்றாமல் சிப்பைப் பார்க்க வழியில்லை. ஆனால் கம்பெனி வேகம் ஏற்றி விற்றிருந்தால் உள்ளே இருப்பது 'ஏ' சிப் என்று ஊகிக்கலாம். 'ஓசி' என்ற எழுத்துக்கு எனக்குத் தெரிந்து உண்மையான மதிப்பு இருந்தது அந்த ஒரு காலத்தில்தான். 2019இல் 2070, 2080 கார்டுகளுக்கு என்விடியா இந்தப் பிரிவினையை நிறுத்திக்கொண்டது.

அந்த 2019இல்தான் நான் இரண்டாவது கார்டு வாங்கினேன். ஆர்டிஎக்ஸ் 2060. அதிலும் இந்த இரு வகை உண்டு. இந்தத் தடவை பவர் லிமிட்டைப் பார்த்து, தடிமனான ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பார்த்து, 'ஏ' சிப் உள்ள கார்டாகத் தேடி எடுத்தேன். சித்திரை வெயிலில், அறை வெப்பம் 35 டிகிரி இருக்கும்போது மூன்று நாள் உட்கார்ந்து ஓவர்கிளாக் செய்தேன். கோர் கிளாக்கை 120 ஏற்றி வைத்தேன். கார்டு 74 டிகிரியில் 1965 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. கொதிக்கும் வெயிலிலேயே நிற்கிறது, இனி வருஷம் முழுக்கக் கவலையில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆனி கடைசியில் சாரல் ஆரம்பித்தது. இந்தப் பக்கம் வந்து இருந்தவர்களுக்குத் தெரியும், ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று ஒரே வாரத்தில் ஊரையே மாற்றிவிடும். குற்றாலத்தில் தண்ணீர் விழும்போது எங்கள் வீட்டில் பகலிலும் ஃபேன் போட வேண்டியதில்லை. அறை வெப்பம் 25. ஆரியங்காவுக் கல்யாணம் ஒன்றின் ரெண்டரிங்கை ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பாதியில் நின்று கிடந்தது. டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. வெயிலில் நின்ற கார்டு குளிரில் விழுகிறது என்றால் எதைச் சந்தேகப்படுவது? எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியை, சந்தேகப்பட்டேன், மெமரியைக் கழற்றி மாட்டினேன். பெண் வீட்டார் வேறு அடுத்த நாள் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

காரணம் ஜிபியு பூஸ்டுக்குள்ளேயே இருந்தது. நான் கொடுத்தது 'எப்போதும் 120 கூட்டி ஓடு' என்ற கட்டளை. சித்திரையில் 74 டிகிரியில் கார்டு தானாகவே இரண்டு படி இறங்கி 1965இல் நின்றது. நான் சோதித்ததெல்லாம் அந்த 1965ஐத்தான். சாரலில் கார்டு 63 டிகிரிதான் சுட்டது. சூடு குறைந்ததும் அது அந்த இரண்டு படியையும் திரும்ப ஏறி 1995க்குப் போய்விட்டது. அந்த வேகத்தை அந்தச் சிப்பால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து வெறும் கூட்டல் முறையை விட்டுவிட்டேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற ஓவர்கிளாக் மென்பொருளில் வோல்டேஜ்-கிளாக் வளைகோடு இருக்கிறது. அதில் ஒரு வோல்டேஜுக்கு ஒரு வேகம் என்று ஒரு புள்ளியைக் குறித்து, அதற்கு மேலுள்ள கோட்டைத் தட்டையாக இழுத்துவிட வேண்டும். அப்புறம் குளிரானாலும் கார்டு பெரிதாக மேலே போகாது. அதோடு, ஒரே பருவத்தில் சோதித்துவிட்டு முடிந்தது என்று விடுவதும் இல்லை. சித்திரையில் ஒரு தடவை, சாரலில் ஒரு தடவை.

ஹீட்சிங்கைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு தனி எதிரி உண்டு. மரவாடியில் வாள் ஓடும்போது கிளம்பும் மரத்தூள். கண்ணுக்குத் தெரியாத அளவு நைசாக வந்து, கேபினட்டின் ஃபேன் வழியாக உள்ளே போய், ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே உட்காரும். கோடையில் ஊதினால் பறந்துவிடும். சாரல் காலத்து ஈரம் பட்டால் கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். தகடுகள் நெருக்கமாக இருந்தால் பரப்பு கூட, குளிர்ச்சியும் கூட என்பது புதுக் கார்டுக்குச் சரி. ஆறு மாதம் இங்கே ஓடிய கார்டுக்குச் சரியில்லை. அதனால் நான் பார்ப்பது தகடுகளின் எண்ணிக்கையை விட ஹீட்சிங்கின் தடிமனையும், எத்தனை ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) சிப்பின் மேல் நேராகப் போகிறது என்பதையும், மெமரிக்கும் பவர் பகுதிக்கும் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தை) வைத்திருக்கிறார்களா என்பதையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும்.

நல்ல ஹீட்சிங்குக்கு இன்னொரு பலனும் உண்டு. சூடான சிப் அதே வேகத்துக்கு அதிகக் கரண்ட் இழுக்கும், ஏனென்றால் சூட்டில் மின்கசிவு கூடும். பத்து டிகிரி குறைத்தால் பவர் லிமிட்டுக்குள்ளேயே கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆகவே இரண்டு கார்டின் கூரையும் ஒன்றாக இருந்தால் ஹீட்சிங்க் பெரிதாக உள்ளதை எடுக்க வேண்டும்.

பூட்டிய கார்டு ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லவில்லை. 26,500 ரூபாய் கார்டிலும் வளைகோட்டைத் திருத்தலாம். 0.9 வோல்ட்டிலேயே 1850 பக்கம் நின்றால், 170 வாட்டைத் தொடாமலே அது சத்தமில்லாமல் ஓடும். எடிட்டிங் மட்டும் செய்பவருக்கு நான் அந்தக் கார்டைத்தான் சொல்வேன். மேலே ஏற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவனுக்கு மட்டும் அது இரண்டாம் மாதமே கையைக் கட்டிப்போட்ட மாதிரி உறுத்த ஆரம்பிக்கும். என் மருமகன் அந்த ரகம்.

இன்னொரு யோசனையும் அவனுக்கு இருந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி கிரிப்டோ காசு சம்பாதிப்பது) நின்றதும் பழைய கார்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்திருந்தன. அந்தக் காசில் 3070 வாங்கலாமே என்றான். இரவு பகலாக மெமரியைச் சுடவைத்து ஓட்டிய கார்டில் தெர்மல் பேடும் ஃபேனும் எந்த நிலையில் இருக்கும் என்று தெரியாமல், அதை மேலும் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

28,000 ரூபாய் கார்டு திருநெல்வேலியில் இருந்தது. அவன் காலை வண்டியில் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு வந்தான், இங்கிருந்து இருவரும் பஸ்ஸில் போனோம். கடைக்கார அண்ணாச்சி பொறுமைசாலி. பெட்டியின் ஓரத்தில் ரிவிஷன் எண்ணைப் பார்க்க வேண்டும் என்றதும் உள்ளே போய் மூன்று பெட்டிகளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "எல்லாரும் லைட்டு எரியுமான்னு கேப்பாங்க. நீங்க என்ன தம்பி, நம்பரப் பாக்கீங்க?" என்றார். அக்கா மகன் அவருக்குப் பவர் லிமிட்டை விளக்க ஆரம்பித்துவிட்டான். முந்தா நாள் நான் சொன்ன அதே கணக்கு, 22 சதவீதம், 30 சதவீதம் எல்லாம். அண்ணாச்சி கடைசியில் தன் மெஷினில் கார்டை மாட்டிக் காட்டினார். உச்சம் 190 வாட். பில்லைப் போடச் சொன்னோம். வாரண்டிக்கு சீரியல் எண்ணும் பில்லும் வேண்டும் என்பதால் அங்கேயே இரண்டையும் படம் எடுத்துக்கொண்டான். ஹீட்சிங்க் ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வாரண்டி முடியும்வரை அதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

அவனிடம் ஏற்கெனவே இருந்தது பெயர் தெரியாத ஒரு 450 வாட் எஸ்எம்பிஎஸ். 3060க்கு என்விடியா சொல்வது 550. ஐந்தாயிரம் மிச்சம் பிடித்தோமே, அதில் பாதியைப் போட்டு நல்லதாக ஒன்று வாங்கச் சொன்னேன். மூன்று ஃபேனுக்கும் விளக்குக்கும் போகவிருந்த காசு எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போனதில் எனக்கு நிறைவு.

அந்த வார இறுதியில் புனலூரில் அவன் அறையில் உட்கார்ந்தோம். முதலில் எதையும் தொடாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். 1905 மெகாஹெர்ட்ஸ், 170 வாட். ஜிபியு-இசட்டில் வேகம் எதனால் நிற்கிறது என்று காட்டும் ஒரு வரி உண்டு. அதில் 'பவர்' என்று வந்தது. கூரையில் முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பவர் ஸ்லைடரை 112க்குத் தள்ளினோம், 190 வாட் வந்தது. வேறெதையும் தொடாமல் 1935. அப்புறம் 15, 15ஆக ஏற்றினோம். 2025இல் கேம் விழுந்தது. 2010இல் ஒரு மணி நேரம் நின்று விழுந்தது. 1995ஐ ஒரு வோல்ட்டில் குறித்துக் கோட்டைத் தட்டையாக்கினோம்.

மெமரியில் அவசரப்பட்டான். ஆஃப்டர்பர்னரில் 1100 வரை தள்ளியும் திரையில் ஒரு கோளாறும் தெரியவில்லை. "நிக்குது மாமா" என்றான். மதிப்பெண் தரும் வேகச் சோதனையை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். 800இல் வந்த மதிப்பெண்ணை விட 1100இல் குறைவாக வந்தது. மெமரி எல்லை தாண்டினால் எப்போதும் உடனே திரையில் தெரியாது. எண்ணைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்ப்பவர் வேகத்தைக் கூட்டியதாக நம்பிக்கொண்டு குறைத்து வைத்திருப்பார். 800க்கே திரும்பினோம். மெமரியின் ஒவ்வொரு பின்னிலும் நொடிக்கு 15 கிகாபிட் என்றிருந்தது 16.6 ஆனது, அலைவரிசை 360இலிருந்து 398.

ராத்திரி அக்கா புட்டும் கடலையும் வைத்துக் கூப்பிட்டாள். கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டில் அவன் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, தேதி, அறை வெப்பம், கார்டு வெப்பம், கிளாக் என்று கட்டம் போட்டு முதல் வரியை எழுதினான். அறை 33, கார்டு 71, கிளாக் 1995. கீழே ஒரு வரியைக் காலியாக விட்டு, ஓரத்தில் 'இடவப்பாதி' என்று குறித்து வைத்தான். கேரளத்தில் மழை தொடங்கும் காலத்துக்கு அப்படித்தான் பெயர்.

ஜூன் கடைசியில் ஒரு காலை போனில் அந்தத் தாளின் படம் வந்தது. அறை 26, கார்டு 62, கிளாக் 1995. நான் வாசலில் நின்று பார்த்தேன், புளியரைப் பக்கம் மேகம் மலையை மூடியிருந்தது. என் கார்டின் எண்களையும் எழுதி அவனுக்கு அனுப்பினேன்.